பின்பக்கம் தாழ்ந்த படகுகள்

அமெரிக்காவில் 1960களிலும் 70களிலும் வார்த்தெடுத்த ஃபைபர் விசைப்படகுகளில் கணிசமானவை இன்றும் தண்ணீரில்தான் இருக்கின்றன. மரப்படகாக இருந்தால் இந்நேரம் விறகாகியிருக்கும். ஃபைபர் உளுக்காது, அதைப் புழு துளைக்காது. அதனால் தாத்தா வாங்கிய படகைப் பேரன் ஓட்டுகிறான். எஞ்சினை மூன்று நான்கு முறை மாற்றியிருப்பார்கள். ஒயரிங் முழுக்கப் புதிது, இருக்கைகள் புதிது, மீன் கூட்டம் காட்டும் திரையும் வந்தாயிற்று. வார்ப்பில் வந்த உடம்பும், தளத்தின் உயரமும், தண்ணீர் வடியப் பின்பலகையில் போட்ட துளையும் மட்டும் அன்று இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இந்தப் படகுகளை வைத்திருப்பவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: காக்பிட்டில் தண்ணீர் நிற்கிறது. காக்பிட் என்றதும் விமானம் நினைவுக்கு வரும். சிறு படகில் பக்கச் சுவர்களுக்கு நடுவே ஆட்கள் நிற்கவும் மீன் பிடிக்கவும் இருக்கும் திறந்த தளத்துக்கும் அதுதான் பெயர். இரவு மழை பெய்திருந்தால் காலையில் பின்மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர். மழையே இல்லாவிட்டாலும் இரண்டு பேர் பின்னால் போய் நின்றால் துளை வழியாகக் கடல் உள்ளே எட்டிப் பார்க்கிறது. துளை அடைத்துக்கொண்டது என்று கம்பி விட்டுக் குத்துகிறார்கள், சின்னதாக இருக்கிறது என்று பெரிதாக்குகிறார்கள், பம்ப் ஒன்றை வாங்கி வைக்கிறார்கள். ஆண்டுகள் போகின்றன, தண்ணீர் போவதில்லை.

துளை பெரும்பாலும் குற்றமற்றது. மாறியது படகு உட்காரும் மட்டம். இந்த 50, 60 ஆண்டுக் கதையை எடையின் கதையாகப் படித்தால்தான் அது விளங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

மரப்படகுக் காலத்தில் இந்தப் பேச்சே எழவில்லை. பலகை இணைப்புகள் வழியே கொஞ்சம் தண்ணீர் வருவது அன்று இயல்பு. கரையில் காய்ந்து கிடந்த படகைக் கடலில் இறக்கினால், பலகை ஊறி உப்பி இடைவெளியை அடைக்கும் வரை கசியும். கசிந்ததும், மேலிருந்து விழுந்ததும், அலை அள்ளி வீசியதும் தளப் பலகைகளுக்குக் கீழே படகின் அடிவயிற்றில் சேரும். அந்த இடத்தைத்தான் பில்ஜ் என்கிறார்கள். அங்கிருந்து வாளியாலோ கைப்பம்பாலோ இறைக்க வேண்டும். கிறிஸ்-கிராஃப்ட் போன்ற பளபளப்பான மகோகனிப் படகுகளுக்கும் இதே விதிதான். படகு வைத்திருப்பவன் தண்ணீர் இறைக்க வேண்டியவன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஃபைபர் வந்ததும் இணைப்பே இல்லாத ஒற்றை ஓடு கிடைத்தது. கீழேயிருந்து கசிவு நின்றது. மேலேயிருந்து வருவதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்ற நிலை வந்தபோதுதான் வடிவமைப்பாளர்கள் தளத்தை வேறு விதமாக யோசிக்கத் தொடங்கினார்கள். மொட்டைமாடிக்குத் தளம் போடும் கொத்தனார் ஒரு மூலைக்கு வாட்டம் கொடுத்து அங்கே குழாய் வைப்பாரே, அதே வேலைதான். தளத்தை வெளிநீர் மட்டத்துக்குச் சற்று மேலே வை, பின்பக்கமாக வாட்டம் கொடு, பின்பலகையில் துளை போடு. விழுந்த தண்ணீர் தானாகப் போய்விடும். ஆள் வேண்டாம், வாளி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஆனால் மாடி இருந்த இடத்தில் இருக்கும். படகு ஏறும், இறங்கும், சாயும். பின்னால் வந்த சிக்கல் எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்து கிளைத்தவைதான்.

1958இல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ரிச்சர்ட் ஃபிஷர் 13 அடி நீளப் படகு ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பெயர் பாஸ்டன் வேலர். வடிவமைப்பில் அவருக்குத் துணை நின்றவர் ரே ஹண்ட். உள்ளே ஓர் ஓடு, வெளியே ஓர் ஓடு, இரண்டுக்கும் நடுவே இறுகிய நுரை. 1961இல் லைஃப் இதழில் வந்த படங்கள் அதைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோயின. படகில் ஃபிஷர் உட்கார்ந்திருக்க, அதைக் குறுக்கே ரம்பத்தால் அறுக்கிறார்கள். அறுபட்ட பாதியும் மிதக்கிறது. மூழ்காத படகு என்ற பெயர் நுரைக்குக் கிடைத்தது. அதே படகின் பின்பக்கத்தில், பின்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் சாதாரணப் பித்தளைக் குழாய் ஒன்று இருந்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அன்றாடம் உழைத்தது என்னவோ அந்தக் குழாய்தான்.

அது வேலை செய்த விதம் நேர்த்தியானது. படகு வேகம் எடுத்ததும் மூக்கு தூக்கும், தளத்துத் தண்ணீரெல்லாம் பின்னால் ஓடி வரும். அடைப்பானைப் பிடுங்கிவிட்டால் குழாய் வழியே வெளியே பாயும். நின்றிருக்கும்போது அடைப்பான் இல்லாவிட்டால் அதே குழாய் வழியே கடல் உள்ளே வரும். ஆனால் வெளியே எந்த மட்டமோ அந்த மட்டத்தோடு நின்றுவிடும். பின்பக்கக் குழியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கும், அவ்வளவுதான். நுரை இருப்பதால் படகு மூழ்காது. இது குறையாகத் தெரிந்தாலும் தெரிந்தே விட்ட இடம். குழியில் எவ்வளவு நிற்கலாம் என்பதை அன்றைய எஞ்சினின் எடையை வைத்து முடிவு செய்திருந்தார்கள்.

ஃபுளோரிடாவில் கார்ல் மோஸ்லி உருவாக்கிய சீகிராஃப்ட் படகுகள் இதே காலத்தவை. அடிப்பக்கம் நடுவில் கூராகவும் ஓரத்துக்குப் போகப் போகத் தட்டையாகவும் படிப்படியாக மாறும். அலையை வெட்டிக்கொண்டு போகும் அந்த ஓட்டத்துக்காகவே பழைய 20 அடி சீகிராஃப்டைத் தேடிப் பிடித்து, வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு செலவழித்துப் புதுப்பிப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் எல்லோரும் சீக்கிரமோ தாமதமாகவோ வந்து நிற்கும் இடம், தளத்தின் உயரம்.

தளம் ஏன் அவ்வளவு தாழ்வாக இருந்தது என்று கேட்கலாம். கஞ்சத்தனமோ கவனக்குறைவோ காரணம் அல்ல. சிறு படகில் ஆட்களின் எடை படகின் எடையோடு ஒப்பிடும் அளவுக்குப் பெரிது. தளத்தை உயர்த்தினால் அந்த எடை முழுவதும் மேலே ஏறும், படகு ஆடும். பக்கச் சுவர் தொடை வரை எட்டினால்தான் அலையடிக்கும்போது சாய்ந்து நிற்க முடியும். சுவர் முழங்காலுக்குக் கீழே போய்விட்டால் மனிதனே வழுக்கி வெளியே விழுவான். ஆகவே தண்ணீர் வடியத் தேவையான உயரம் எவ்வளவோ அதற்கு மேல் ஒரு விரல்கூடக் கொடுக்காமல் அளந்து வைத்தார்கள். அந்த அளவு சரியாக இருந்தது, அன்றைய எஞ்சினுக்கு.

அன்றைய எஞ்சின் என்றால் பின்பலகைக்கு வெளியே தொங்கும் இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு. எண்ணெயும் பெட்ரோலும் கலந்து குடிக்கும், புகை கக்கும், சத்தம் போடும். ஆனால் எடை குறைவு. எரியாத எரிபொருளில் ஒரு பங்கைத் தண்ணீரிலேயே கழித்துவிடும் அதன் பழக்கத்துக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996இல் கடிவாளம் போட்டது. 1998 முதல் 2006 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்த அந்த விதி, புதிய அவுட்போர்டுகளின் ஹைட்ரோகார்பன் கழிவை 75 விழுக்காடு குறைக்கச் சொன்னது. கடலுக்கும் காற்றுக்கும் அது நல்லது; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதோடு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் பின்பலகைகளைப் பிடித்துக்கொண்டது. வால்வுகள், கேம் தண்டு, எண்ணெய்த் தொட்டி எல்லாம் சேர்ந்து எடை ஏறியது. 115 குதிரைத்திறன் கொண்ட பழைய இரண்டு ஸ்ட்ரோக் 140 கிலோவை ஒட்டி இருந்தது. இன்று அதே திறனுக்கு 160 கிலோவுக்கு மேல் வருகிறது. எஞ்சின் மாற்றும்போது யாரும் அதே திறனோடு நிற்பதும் இல்லை. 150க்குப் போகிறார்கள், எடை 200 கிலோவைத் தாண்டுகிறது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 அடிப் படகு மிதக்கும்போது நீர்மட்டத்தில் அது அடைக்கும் பரப்பு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். படகின் நடுவில் 100 கிலோ ஏற்றினால் அது 1 செ.மீ. இறங்கும். அதே 100 கிலோவைப் பின்பலகையில் தொங்கவிட்டால், படகு முழுவதும் 1 செ.மீ. இறங்குவதோடு மூக்கு தூக்கி வாலும் தாழும். பரப்பு செவ்வகமாக இருந்தால் பின்முனையில் மொத்த இறக்கம் 4 மடங்கு, அதாவது 4 செ.மீ. உண்மைப் படகு செவ்வகம் அல்ல என்பதால் கொஞ்சம் கூடலாம், குறையலாம். அளவு இதைச் சுற்றித்தான் இருக்கும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். எஞ்சினில் கூடுதலாக 60 கிலோ. பின்மூலையில் இரண்டாவது பேட்டரி 25 கிலோ. உயிர் இரை போட்டு வைக்க 100 லிட்டர் தொட்டி ஒன்று, அதுவும் பின்னால்தான். நிரம்பினால் 100 கிலோ. இடம் மிச்சம் பிடிக்க எஞ்சினைப் பின்பலகையிலிருந்து அரை மீட்டருக்கும் அதிகமாகப் பின்னே தள்ளித் தொங்கவிடும் தாங்கி மாட்டியிருந்தால், நெம்புகோல் இன்னும் நீளும். பின்பக்கம் 6, 7 செ.மீ. இறங்கிவிடுகிறது. வடிவமைப்பாளர் விட்ட இடைவெளியே அவ்வளவுதான். கடலை நோக்கி இருந்த வாட்டம் கடலிலிருந்து உள்ளே வரும் வாட்டமாகத் திரும்பிவிட்டது.

இதைக் கண்ணால் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கட்டித்துறையில் நிற்கும் பழைய படகின் பின்பலகையைப் பாருங்கள். நீர்மட்டத்தை ஒட்டி அன்று அடித்த வண்ணப் பட்டை இருக்கும். அதற்கு மேலே, வண்ணமே இல்லாத வெள்ளைப் பரப்பில், நான்கு விரல் உயரத்துக்குப் பாசி படிந்த பழுப்புக் கோடு ஒன்று இருக்கும். படகு இன்று எங்கே மிதக்கிறது என்பதைப் பாசி எழுதி வைத்திருக்கிறது. வடிதுளை அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் மற்ற ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

எடை கூடுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத காரணமும் ஒன்று உண்டு. தளத்துக்கு அடியில் ஊற்றிய மிதவை நுரை தண்ணீர் குடிக்காது என்றுதான் சொல்லி விற்றார்கள். எப்போதாவது நனைந்தால் குடிக்காதுதான். தண்ணீரிலேயே பல ஆண்டுகள் ஊறிக்கிடந்தால் குடிக்கும். இருக்கை மாட்டவும் மீன் தூண்டில் தாங்கி மாட்டவும் தளத்தில் திருகு போட்டவர்கள், துளைக்குள் பிசின் ஊற்றி அடைப்பதில்லை. தேங்கிய தண்ணீர் அந்த வழியாகத் தளத்தின் நடுவே உள்ள ஒட்டுப்பலகைக்குள் இறங்கி அதை உளுத்துப்போகச் செய்யும், பிறகு நுரைக்குள் போகும். அதனால் படகு கனக்கும். கனத்தால் பின்பக்கம் இன்னும் இறங்கும். இறங்கினால் தண்ணீர் இன்னும் தேங்கும். தளத்தை அறுத்து எடுத்தவர்கள் பிழியப் பிழிய வடியும் நுரையை மண்வெட்டியால் வாரிக் கொட்டுகிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோ வெளியே வருவது அபூர்வம் அல்ல.

சரி, குழாய்களுக்கு வருவோம். பழைய வேலரின் பித்தளைக் குழாயை ஒரு தடவை கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும். இரு முனையும் வெளிப்பக்கமாக விரித்து மடக்கிய மெல்லிய குழாய் அது. நல்ல நிலையில் இருந்தால் மஞ்சளாக, உப்புப் பச்சை படிந்து இருக்கும். கெட்டுப்போன இடம் இளஞ்சிவப்பாகத் தெரியும். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்புநீர் துத்தநாகத்தை மட்டும் அரித்துக்கொண்டு போக, மிச்சம் நிற்பது துளை துளையான செம்பு. திருப்புளி முனையால் லேசாகக் குத்தினால் உதிரும். குழாயின் உதடு பிளந்துவிட்டால் தண்ணீர் குழாய் வழியாக வெளியே போவதற்குப் பதில் பின்பலகையின் பலகைக்குள்ளும் நுரைக்குள்ளும் போகிறது. எஞ்சினைத் தாங்குவது அதே பின்பலகைதான். மாற்றுவது பெரிய வேலையும் அல்ல, பெரிய செலவும் அல்ல. பழைய உதட்டை அரம் கொண்டு தேய்த்து எடுத்து, குழாயை உருவி, உள்சுவர் நன்றாகக் காயும் வரை காத்திருந்து, எப்பாக்சி பூசி, புதுக் குழாயை ரப்பர் வளையத்தோடு செருகி முனையை விரிக்க வேண்டும். காய விடுவதில்தான் அவசரப்படுகிறார்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் எத்தனை புதுக் குழாய் போட்டும் பயனில்லை.

பித்தளையின் இடத்தில் பிளாஸ்டிக் வந்தது 70கள், 80களின் மாற்றம். பின்பலகையில் வெள்ளைக் காளான் தலை போலத் தெரியும் பொருத்தி, உள்ளே அதிலிருந்து தளத்து மூலைக்குப் போகும் ரப்பர் குழாய், இரு முனையிலும் கிளிப். வேலை சுலபம், விலை மலிவு. ஆனால் வெயில் பிளாஸ்டிக்கின் உயிரை உறிஞ்சிவிடும். சில ஆண்டுகளில் மேற்பரப்பு சுண்ணாம்பு போலப் பொடியும், தலைக்கும் கழுத்துக்கும் நடுவே மயிரிழை வெடிப்பு ஓடும். நீர்மட்டத்துக்கு மேலே இருந்தவரை அந்த வெடிப்பால் பெரிய கேடில்லை. பின்பக்கம் தாழ்ந்தபின் அதே பொருத்தி தண்ணீருக்குள் இருக்கிறது. இப்போது வெடிப்பு வழியே வரும் தண்ணீர் காக்பிட்டுக்கு வராது, நேரே பில்ஜுக்குப் போகும். மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

தண்ணீருக்கு 30 செ.மீ. கீழே 25 மி.மீ. துளை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் இரண்டரை டன். மயிரிழை வெடிப்பு அவ்வளவு வேகம் காட்டாது. ஆனால் அதற்கு இரவு முழுக்க நேரம் இருக்கிறது. தானியங்கி பம்ப் ஓடும், ஓடி ஓடி பேட்டரி தீரும், அத்துடன் நிற்கும். பின்பக்கம் இன்னும் தாழும், இரண்டாவது துளையும் தண்ணீருக்குள் போகும். அமெரிக்கப் படகுக் காப்பீட்டுக்காரர்களின் கோப்புகளில், ஓடும்போது மூழ்கியவற்றைவிடக் கட்டித்துறையில் கட்டிக் கிடக்கும்போது மூழ்கிய படகுகளே அதிகம். காரணங்கள் பல, மலிவான பிளாஸ்டிக் பொருத்தியும் மாற்றாத கிளிப்பும் அவற்றில் தவறாமல் இடம்பெறும்.

பம்ப் மீது மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்குக் கவலை தருகிறது. இந்தப் படகுகள் வந்த காலத்தில் பம்ப் கடைசித் துணை. இன்று பல பழைய படகுகளில் அதுதான் முதல் துணையாகிவிட்டது. தளம் வடியவில்லையா, துளையை அடைத்துவிடு, தண்ணீரைப் பில்ஜுக்குள் இறக்கிவிடு, பம்ப் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். பெட்டியில் 1100 காலன் என்று போட்டிருக்கும். மணிக்கு 4160 லிட்டர், நிமிடத்துக்கு 69. அது தூக்க உயரமே இல்லாமல், முழு மின்னழுத்தத்தில், குழாயின் தடை இல்லாமல் அளந்த எண். படகில் தண்ணீரை ஒரு மீட்டர் மேலே தூக்க வேண்டும், உள்ளே சுருள் சுருளான குழாய், பேட்டரியும் பாதி. பாதிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும்.

அதன் பக்கத்தில் ஒரு சாதாரணத் துளையை வைத்துப் பாருங்கள். தளத்தில் 10 செ.மீ. தண்ணீர் நிற்கிறது, துளையின் வெளிவாய் கடல் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. 25 மி.மீ. துளை நிமிடத்துக்கு 25 லிட்டர் வெளியேற்றும். 38 மி.மீ. துளை 57 லிட்டர். 50 மி.மீ. துளை கிட்டத்தட்ட 100 லிட்டர். விட்டம் இரண்டு மடங்கானால் வடிவது நான்கு மடங்கு. 38 மி.மீ. துளைகள் இரண்டு இருந்தால் எந்தப் பேட்டரியும் இல்லாமல் அந்தப் பம்பைத் தாண்டிவிடும். 2.5 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலக் காக்பிட்டில் 15 செ.மீ. உயரத்துக்கு அலை ஏறிவிட்டால் கிட்டத்தட்ட 700 கிலோ. அந்த எடை ஓரிடத்தில் நிற்காது, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அங்கே ஓடி இன்னும் சாய்க்கும். அடுத்த அலை வருவதற்குள் அது போயாக வேண்டும். அந்த நேரத்தில் ஸ்விட்சும் ஃபியூஸும் ஒயரும் இடையில் இருக்கக் கூடாது. மூடி நிறுத்தாத படகில் 50 மி.மீ. மழை பெய்தாலே அரை டன் தண்ணீர் சேர்ந்துவிடுகிறது. ஃபுளோரிடாவின் கோடை மழைக்கு அது பெரிய அளவே இல்லை.

இன்று கடைகளில் கிடைக்கும் பொருள்கள் அன்றைக்கு இல்லாத தரத்தில் இருக்கின்றன. பிளாஸ்டிக் தலைக்குப் பதில் வெண்கலம், துருப்பிடிக்காத எஃகு, கண்ணாடி இழை கலந்த நைலான். பின்பலகைக்கு வெளியே மாட்டும் ரப்பர் மடிப்பு, உள்ளிருந்து வரும் தண்ணீருக்குத் திறந்து வெளியிலிருந்து வரும் அலைக்கு மூடிக்கொள்ளும். பந்து வால்வில் மிதக்கும் பந்து மேலே எழும்பி வாயை அடைக்கும். வாத்துமூக்கு வால்வில் இரண்டு ரப்பர் உதடுகள். எல்லாம் நல்லவைதான். ரப்பர் இரண்டு மூன்று ஆண்டில் விறைத்துப் பாதி திறந்தபடி நின்றுவிடும். மீன் செதிலும் அறுந்த தூண்டில் நரம்பும் பந்துக்கடியில் சிக்கி அதை மூட விடாது. வாத்துமூக்கு திறக்கவே கொஞ்சம் தண்ணீர் அழுத்தம் வேண்டும், ஆகவே கடைசி ஒரு விரல் தண்ணீர் வடியாமல் நிற்கும். மாதம் ஒருமுறை விரலை விட்டுப் பார்க்கிறவருக்கு இவை உதவும். மாட்டிவிட்டு மறந்துபோகிறவர் மாட்டாமலே இருக்கலாம்.

ரப்பர் குழாயையும் கிளிப்பையும் அடியோடு ஒழித்துவிட்டு, தளத்து மூலையிலிருந்து பின்பலகை வரை ஃபைபர் குழாயையே வைத்துப் பிசினால் இழைத்துவிடும் முறை இருக்கிறது. வெடிக்க ஒன்றுமில்லை, கழல ஒன்றுமில்லை. தளத்தைப் பிரித்த படகில் இதைச் செய்யாமல் மூடுபவர்கள் பெரிய வாய்ப்பைத் தவற விடுகிறார்கள் என்பேன்.

தளத்தையே 5 முதல் 10 செ.மீ. உயர்த்திக் கட்டுவது கடைசிச் சிகிச்சை. பழைய சீகிராஃப்டைப் புதுப்பிப்பவர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். தளம் எப்படியும் உளுத்துப்போய் அறுத்தெடுக்க வேண்டிய நிலையில் இருந்தால் இது நியாயமான முடிவு. நல்ல தளத்தை வேலை மெனக்கெட்டு அறுத்து உயர்த்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பக்கச் சுவரின் உயரம் அவ்வளவுக்குக் குறைகிறது. படகில் குழந்தைகள் ஏறுவார்கள் என்றால் அந்த 10 செ.மீ. எவ்வளவு பெரிது என்று யோசிக்க வேண்டும். அதற்கு முன் செய்ய வேண்டியது எடையை முன்னுக்கு நகர்த்துவது. பின்மூலைப் பேட்டரிகளை நடுவிலுள்ள ஸ்டீயரிங் பெட்டிக்குக் கீழே கொண்டுபோனால் தடித்த ஒயர் இரண்டு வேண்டும், ஒரு நாள் வேலை. இரைத் தொட்டியையும் ஐஸ் பெட்டியையும் முன்னால் வைக்கலாம். ஒரே திறனில் இரண்டு கம்பெனி எஞ்சின்களின் எடையை ஒப்பிட்டு இலேசானதை எடுக்கலாம். இதிலேயே 3, 4 செ.மீ. திரும்பக் கிடைத்துவிடும். பல படகுகளுக்கு அதுவே போதும்.

இன்றைய புதுப்படகுக்கு இந்தத் தொல்லை இல்லை. பின்பக்கம் அகலம் கூட்டி, நான்கு ஸ்ட்ரோக் எடையைக் கணக்கில் வைத்து, பின்பலகையை முழு உயரத்துக்கு மூடியே வார்க்கிறார்கள். அமெரிக்காவில் 1954இல் தொடங்கிய படகு மற்றும் யாட் கவுன்சிலுக்குக் காக்பிட் வடிகால் பற்றித் தனித் தரக்குறிப்பு உண்டு. ஐ.எஸ்.ஓ. 11812 என்ற பன்னாட்டுத் தரம், விரைந்து வடியும் காக்பிட்டின் தளம் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், எவ்வளவு நேரத்தில் வடிய வேண்டும் என்று வரையறுக்கிறது. பழைய படகு இவையெல்லாம் வருமுன் பிறந்தது. அதற்குத் தரம் பார்க்க வேண்டியவர் அதை வைத்திருப்பவர்தான்.

நம் கரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஓர் இடமே இல்லை. ஏறிய அலை மரங்களுக்கு இடையே இறங்கிப் போய்விடும், இறைக்க ஒன்றுமில்லை. அந்த இடத்துக்கு ஃபைபர் படகும் எஞ்சினும் வந்தபின் வலை அதிகம் ஏற்றலாம், தூரம் போகலாம். கூடவே தண்ணீர் இறைக்கும் வேலையும் வந்தது. பெரிய எஞ்சினுக்கு மாறும் நம் மீனவர்களும் பின்பக்கம் எத்தனை விரல் தாழ்கிறது என்று ஒரு தடவை அளந்து பார்ப்பது நல்லது. கணக்கு எந்தக் கடலிலும் ஒன்றுதான்.

பழைய படகு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்பதற்கு முன், படகைத் தண்ணீரில் வைத்து எரிபொருள் நிரப்பச் சொல்லுங்கள். வழக்கமாக ஏறும் ஆட்களில் மூன்று பேரைப் பின்மூலையில் நிற்க வையுங்கள். அடைப்பானைப் பிடுங்கிவிட்டு, தளத்தில் உங்கள் கால் நனைகிறதா என்று பாருங்கள். பிறகு குழாய்த் தண்ணீரைத் தளத்தில் விட்டு, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். பில்ஜ் மூடியைத் திறந்து உள்ளே கிளிப்புகளைக் கையால் தொட்டு ஆட்டுங்கள். அரை மணி நேரத்தில் முடியும் வேலை. கால் நனைந்தால் முதலில் எடையை முன்னால் நகர்த்துங்கள், பொருத்திகளை மாற்றுங்கள். துளையைப் பெரிதாக்குவது அதற்குப் பிறகு. பம்ப் வாங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி.